பவர் பிஐ-ல லைன் வாரியா புரொடக்ஷன் ஷெட்யூல் டேபிள், ஆர்டர தேதி தேதியா பிரிக்கிறது எப்படிங்க?

திருப்பூர்_பிளானர்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனில பிளானிங் பாக்குறேன், மொத்தம் 12 லைன் (தையல் வரிசை) ஓடுது. இதுவரைக்கும் எல்லாம் எக்செல் தான். இடது பக்கம் லைன், ஆர்டர் நம்பர், ஸ்டைல், கலர், மேல வரிசையா தேதி, நடுவுல கட்டத்துல அன்னைக்கு எத்தன பீஸ் ஓடும்னு கையால அடிச்சு கலர் போட்டு வெப்போம். பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா டையிங்ல இருந்து துணி ரெண்டு நாள் லேட்டுனு ஒரு போன் வந்தா போதும், அந்த லைன்ல அதுக்கு பின்னாடி இருக்கற அத்தன ஆர்டரையும் கட் பண்ணி தள்ளித் தள்ளி ஒட்டணும், நடுவுல ஞாயித்துக்கிழமை வந்தா அத தாண்டி ஒட்டணும், ஒரு கட்டம் விட்டுப்போச்சுனா மொத்த பீஸ் டேலி ஆகாது, ஒட்டி முடிக்கறதுக்குள்ள மெர்ச்சண்டைசர் வந்து அடுத்த மாத்தத்த சொல்லுவாங்க.

சேல்ஸ், ஷிப்மென்ட் ரிப்போர்ட் எல்லாம் ஏற்கனவே பவர் பிஐ-ல (மைக்ரோசாஃப்ட்டோட ரிப்போர்ட் சாஃப்ட்வேர்) போட்டுக் குடுத்தாச்சு. அத பாத்துட்டு எம்டி ஷெட்யூலும் அதுலயே வேணும்னுட்டார். என்கிட்ட டேட்டா இப்படி இருக்கு, ஒரு ஆர்டருக்கு ஒரு வரி: லைன், அந்த லைன்ல எத்தனாவது ஓடணும்ங்கற வரிசை, பேலன்ஸ் பீஸ், சாம் (ஒரு பீஸ் தைக்க ஆகற நிமிஷம்), துணி வர்ற தேதி, எக்ஸ் ஃபேக்டரி தேதி (சரக்கு ஃபேக்டரிய விட்டு கெளம்ப வேண்டிய தேதி).

உதாரணத்துக்கு லைன் 3. டெய்லர் 30 பேர், ஒரு ஷிப்ட் 480 நிமிஷம், எஃபிஷியன்சி 50% (அதாவது கெடைக்கற நிமிஷத்துல பாதி தான் உருப்படியா தையலாகும்). ஏ ஆர்டர் 4,200 பீஸ் சாம் 12, பி ஆர்டர் 3,000 பீஸ் சாம் 9, சி ஆர்டர் 2,400 பீஸ் சாம் 15.

எனக்கு நிக்கறது ரெண்டு இடத்துல. ஒண்ணு, ஒரு வரிய எப்படி நாள் நாளா பல வரியா பிரிக்கறது. ரெண்டாவது, பி-யோட ஆரம்பத் தேதி ஏ-வோட முடிவுத் தேதிய பொறுத்தது, ஏ-வோட முடிவு அதோட ஆரம்பத்த பொறுத்தது. எக்செல்ல மேல் செல்லுனு சொல்லி இழுத்து விட்டா வேல முடிஞ்சது. டாக்ஸ்ல (பவர் பிஐ-யோட ஃபார்முலா மொழி) அதே காலத்த (நெடுவரிசைய) அதுக்குள்ளயே கூப்பிட்டா சர்குலர் டிபென்டன்சினு எரர் அடிக்குது. ரெண்டு தேதிக்கு நடுவுல எத்தன வேலை நாள்னு எண்ற நெட்வொர்க்டேஸ் ஃபங்ஷன் இருக்கு, ஆனா எக்செல்ல இருக்கற வொர்க்டே மாதிரி 'இந்த தேதில இருந்து 7 வேலை நாள் தள்ளி என்ன தேதி'னு சொல்ற ஃபங்ஷன் டாக்ஸ்ல இல்ல. மண்டை காயுதுங்க, யாராச்சும் வழி சொல்லுங்க.


எக்செல்தாசன்:

ப்ரோ என் அனுபவத்துல பிஐ சாஃப்ட்வேர் பாக்கறதுக்கு, பிளான் போடறதுக்கு இல்ல. அதுல ஒரு ஆர்டர மவுஸால இழுத்து அடுத்த லைன்ல போட முடியுமா? முடியாது. பெரிய கம்பெனிங்கல்லாம் ஃபாஸ்ட்ரியாக்ட் மாதிரி தனி பிளானிங் சாஃப்ட்வேர் காசு குடுத்து வாங்கி வச்சிருக்கறதே அதுக்குத்தான்.

எம்டிக்கு திரைல தெரியணும் அவ்ளோதானே. உங்க எக்செல் ஷீட்ட அப்படியே பவர் குவெரில (பவர் பிஐ-ல டேட்டாவ ஏத்தி ஒழுங்கு பண்ற பகுதி) ஏத்துங்க, லைன் ஆர்டர் ஸ்டைல் கலர் இந்த நாலு காலத்த மட்டும் செலக்ட் பண்ணி ரைட் கிளிக், அன்பிவட் அதர் காலம்ஸ். தேதி எல்லாம் ஒரே காலமா கீழ இறங்கிடும், பீஸ் பக்கத்துல வந்துரும். அத மேட்ரிக்ஸ்ல (எக்செல் பிவட் மாதிரி கட்டம்) போட்டா பத்து நிமிஷ வேல. புதுசா தேதி சேர்த்தாலும் அதுவே எடுத்துக்கும்.


திருப்பூர்_பிளானர்:

நன்றிங்க ப்ரோ, அன்பிவட் தெரியும், ஆனா அப்படி பண்ணா கட் பண்ணி ஒட்டற வேல என் தலைலயே தானே இருக்கு, எம்டிக்கு மட்டும் தான் வேல சுலபம் 😅 எனக்கு வேணுங்கறது வரிசையையும் துணி தேதியையும் மாத்துனா மிச்சம் அதுவா நகரணும்.


கட்டம்போடுறவன்:

பிளானர் சார், நீங்க தேதில இருந்து ஆரம்பிக்கறீங்க, சிக்கலே அங்கதான். தேதிய கொஞ்ச நேரம் ஓரமா வைங்க, எல்லாத்தையும் நிமிஷமா மாத்துங்க, கடைசில தேதி தானா வந்து விழும்.

உங்க லைன் 3-க்கே போட்டுக் காட்றேன். ஒரு நாளைக்கு கெடைக்கற உருப்படியான நிமிஷம் 30 × 480 × 50% = 7,200. ஏ-வோட லோடு 4,200 × 12 = 50,400 நிமிஷம். பி 27,000. சி 36,000. இப்ப ஒவ்வொரு ஆர்டருக்கும் தனக்கு முன்னாடி இருக்கறவங்களோட லோட கூட்டிட்டே வாங்க. ஏ 0-ல ஆரம்பிச்சு 50,400-ல முடியுது, பி 50,400-ல இருந்து 77,400, சி 77,400-ல இருந்து 1,13,400. இதே மாதிரி கேலண்டரையும் கூட்டுங்க. மொத வேலை நாள் 0-ல இருந்து 7,200, ரெண்டாவது நாள் 7,200-ல இருந்து 14,400, இப்படியே போகும். ஞாயிறு அன்னைக்கு கெடைக்கற நிமிஷம் பூஜ்யம், அதனால அந்த நாள் ஆரம்பமும் முடிவும் ஒரே நம்பர்ல நிக்கும், எந்த ஆர்டரும் அதுல விழாது. லீவு நாளுக்குனு தனியா ஃபார்முலாவே வேண்டாம்.

இப்ப ரெண்டு இஞ்ச் டேப்ப மேலயும் கீழயும் சேத்து வச்ச மாதிரி ஆயிடுச்சு, மேல நாளு, கீழ ஆர்டரு. ஒரு நாளும் ஒரு ஆர்டரும் எவ்ளோ தூரம் ஒண்ணு மேல ஒண்ணு படுதோ அதான் அன்னைக்கு அந்த ஆர்டருக்கு போற நிமிஷம். கணக்கு இவ்ளோதான்: ரெண்டு முடிவுல எது சின்னதோ அதுல இருந்து ரெண்டு ஆரம்பத்துல எது பெருசோ அத கழிங்க. மைனஸ்ல வந்தா ரெண்டும் சந்திக்கவே இல்ல, பூஜ்யம்னு வச்சுக்கங்க. வந்த நிமிஷத்த சாமால வகுத்தா பீஸ்.

11-வது நாள எடுத்துக்கங்க, அது 72,000-ல இருந்து 79,200 வரைக்கும். பி 77,400-ல முடியுது, அதனால பி-க்கு 5,400 நிமிஷம், வகுத்தல் 9, அதாவது 600 பீஸ். மிச்ச 1,800 நிமிஷம் சி-க்கு, வகுத்தல் 15, 120 பீஸ். ஒரே நாள்ல பாதில ஸ்டைல் மாறறதும் சரியா வந்துருச்சு பாருங்க. பி-ய மொத்தமா கூட்டிப் பாருங்க, 8, 9, 10-ம் நாள் தலா 800, 11-ம் நாள் 600, ஆக 3,000. டேலி.

பவர் பிஐ-ல ரெண்டு டேபிள் வேணும். ஒண்ணு உங்க ஆர்டர் டேபிள், இன்னொண்ணு லைன் கேலண்டர், அதாவது லைனும் தேதியும் சேந்த டேபிள், 12 லைன் 90 நாள்னா வெறும் 1,080 வரி. அதுல அன்னைக்கு ஆள் எத்தன, ஷிப்ட் நிமிஷம் எத்தனனு போடுங்க. ஒன்றரை ஷிப்ட் ஓடற நாளுக்கு 720-னு போட்டா அதுவும் சேந்துக்கும். 'முன்லோடு' காலத்துக்கு சம்எக்ஸ் (வரி வரியா கூட்டற ஃபங்ஷன்), உள்ள ஃபில்டர், அதே லைன், என்னை விட சின்ன வரிசை நம்பர். கேலண்டர்லயும் அதே கதை, வரிசை நம்பருக்கு பதிலா தேதி. கவனிங்க, லோடு காலம் வேற முன்லோடு காலம் வேற, எந்த காலமும் தன்னையே கூப்பிடல, அதனால சர்குலர் எரர் வராது.

கடைசில ஜெனரேட் வச்சு ஒவ்வொரு ஆர்டருக்கும் அதே லைனோட நாளுங்கள சேத்து, ஒண்ணு மேல ஒண்ணு படற வரிய மட்டும் ஃபில்டர் பண்ணி ஒரு கால்குலேட்டட் டேபிள் போடுங்க, அதான் உங்க ஷெட்யூல். ரெண்டு டேபிள்லயும் 'லைன்'னு ஒரே பேர்ல காலம் இருந்தா எரர் அடிக்கும், செலக்ட்காலம்ஸ் போட்டு ஒண்ணோட பேர மாத்திக்கங்க.

அப்புறம் ரவுண்டிங். சாம் 11-னு இருந்தா ஒரு நாளைக்கு 654.5 பீஸ்னு வரும், அத நாளுக்கு நாள் ரவுண்ட் பண்ணா மொத்தத்துல ஒண்ணு ரெண்டு பீஸ் இடிக்கும், உடனே யாராச்சும் ஒருத்தர் அத புடிச்சுக்கிட்டு ரிப்போர்ட்டே தப்புனு சொல்லிடுவாங்க. அன்னைக்கு முடிவு வரைக்கும் எத்தன பீஸ்னு ரவுண்ட் பண்ணி, அதுல இருந்து அன்னைக்கு ஆரம்பம் வரைக்கும் எத்தனனு ரவுண்ட் பண்ணத கழிங்க. எப்பவும் டேலி ஆகும்.


திருப்பூர்_பிளானர்:

சார் செமங்க, நோட்டுல எழுதி பாத்துட்டேன், வருது. ஆனா ஒரு எடத்துல இடிக்குது. இதுல ஆர்டருங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணு இடைவெளி இல்லாம ஒட்டிக்கிட்டு வருது. பி-யோட துணி 10-வது நாள் தான் வரும்னா ஏ முடிஞ்சு 8, 9 ரெண்டு நாளும் லைன் சும்மா நிக்கணும், அப்புறம் தான் பி, அதுக்கு பின்னாடி சி-யும் தள்ளிப் போகணும். அதுக்கு 'முன்னாடி ஆர்டர் முடிவு, என் துணி தேதி, ரெண்டுல எது பெருசோ அது'னு போட வேண்டி வருது, மறுபடி முந்தின வரிய கேக்குது, மறுபடி சர்குலர்.


ஓசூர்_லேத்:

குறுக்க வர்றேன். இந்த மாதிரி முந்தின வரியோட விடை வேணும்னா டாக்ஸ விட்டுட்டு பவர் குவெரிக்கு போயிருங்க, லிஸ்ட் ஜெனரேட், லிஸ்ட் அக்யூமுலேட் ரெண்டும் ஒவ்வொரு வரியா நடந்துட்டே போகும், போன தடவ வந்த விடைய கைல வச்சுக்கும். லைன் வாரியா குரூப் பண்ணி ஒவ்வொரு குரூப்புக்கும் ஓட்டுங்க, லிஸ்ட்ட பஃபர் பண்ணிக்கங்க (மெமரில வச்சுக்கங்க), இல்லனா ஆமை வேகம் தான்.


கட்டம்போடுறவன்:

ஓசூர் அண்ணன் சொல்றதும் ஓடும். ஆனா டாக்ஸ்லயே ஒரு வழி இருக்கு, எனக்கு இதுல ரொம்ப புடிச்ச இடமே இதான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன் பொறுத்துக்கங்க.

மொதல்ல துணி தேதியையும் நிமிஷமா மாத்துங்க. 10-வது வேலை நாள் காலைலனா அதுக்கு முன்னாடி 9 நாள் போயிருக்கும், 9 × 7,200 = 64,800. இத 'ரெடி'னு ஒரு காலமா வச்சுக்கங்க, லைன் கேலண்டர்ல அந்த தேதியோட ஆரம்ப நம்பர் தான் அது. துணி ஏற்கனவே வந்தாச்சுன்னா பூஜ்யம்.

இப்ப ஒவ்வொரு ஆர்டருக்கும் ரெடி கழித்தல் முன்லோடு பாருங்க. ஏ: 0 − 0 = 0. பி: 64,800 − 50,400 = 14,400. சி: 0 − 77,400, மைனஸ் 77,400. இந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னா, 'எனக்கு முன்னாடி இருக்கறவங்க எல்லாம் இடைவெளியே இல்லாம ஓடியிருந்தா கூட நான் எத்தன நிமிஷம் காத்துக்கிட்டு இருந்திருப்பேன்'. மைனஸ்னா காத்திருக்கவே வேண்டாம்.

லைன்ல மொத்தமா விழுந்த இடைவெளி எவ்ளோன்னா, மொத ஆர்டர்ல இருந்து இந்த ஆர்டர் வரைக்கும் அந்த நம்பருங்கள்ல எது பெருசோ அதுதான். ஏ-க்கு 0. பி-க்கு 0, 14,400 ரெண்டுல பெருசு 14,400. சி-க்கும் 14,400 தான், ஏன்னா பி-யால வந்த இடைவெளி சி-யையும் தள்ளும். ஆக ஆரம்பம் = முன்லோடு + இடைவெளி. பி: 50,400 + 14,400 = 64,800, துணி வந்த அன்னைக்கே ஆரம்பம், முடியறது 91,800. சி: 77,400 + 14,400 = 91,800, பி முடிஞ்ச இடத்துல கரெக்டா ஒட்டிக்கிச்சு.

எந்த வரியும் முந்தின வரியோட முடிவ கேக்கல பாத்தீங்களா. மேக்ஸ்எக்ஸ் (இருக்கறதுல பெருச எடுக்கற ஃபங்ஷன்), உள்ள ஃபில்டர், அதே லைன், என் வரிசை நம்பரும் அதுக்கு சின்னதும், கணக்கு ரெடி கழித்தல் முன்லோடு. ஒரே காலம். எத்தன ஆர்டர்ல துணி லேட்டானாலும் இது தாங்கும், பேப்பர்ல நாலு ஆர்டர் போட்டு பாருங்க.


ஓசூர்_லேத்:

அட இது நல்லா இருக்கே. ஆனா ஒரு எச்சரிக்கை, தையல் லைன் மாதிரி ஒரே கட்டம்ங்கறதால இது அழகா வருது. எங்கள மாதிரி ஒரே பார்ட் மொத மெஷின்ல டர்னிங், அடுத்தது மில்லிங், அடுத்தது கிரைண்டிங்னு போகும், ஒவ்வொரு மெஷினுக்கும் தனி க்யூ, ஒண்ணு லேட்டானா இன்னொரு க்யூவோட வரிசையே மாறும், அங்க இந்த வித்தைய நம்பி எறங்காதீங்க, அதுக்கு நெஜமான ஷெட்யூலிங் சாஃப்ட்வேர் தான். கட்டிங், தையல், பேக்கிங் மூணையும் இதே டேபிள்ல போடலாம்னு பிளானர் சார் ஆசப்பட வேண்டாம்.


பழைய_ஐஇ:

தம்பிகளா, கணக்கெல்லாம் அருமை, நான் முப்பது வருஷத்துக்கு மேல கார்மென்ட்ஸ்ல ஐஇ (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) வேல பாத்தவன், தளத்துல இருந்து ரெண்டு விஷயம் சொல்றேன்.

எஃபிஷியன்சிய லைனோட ஒட்டி வைக்காதீங்க. அதே லைன் சாதா ரவுண்ட் நெக் ஓட்டறப்ப 60 குடுக்கும், காலர் பட்டன் பட்டினு வந்தா 40-க்கு எறங்கும். அதனால எஃபிஷியன்சிய ஆர்டர் பக்கம் தள்ளுங்க. லைன் கேலண்டர்ல வெறும் ஆள் × நிமிஷம், 14,400. ஆர்டர் லோடு பீஸ் × சாம் ÷ எஃபிஷியன்சி, ஏ-க்கு 50,400 ÷ 0.5 = 1,00,800, அதுவும் அதே 7 நாள் தான். பீஸ் எடுக்கறப்ப மட்டும் நிமிஷத்த எஃபிஷியன்சியால பெருக்கிட்டு அப்புறம் சாமால வகுங்க. வித்தியாசம் என்னன்னா இப்ப ஒவ்வொரு ஸ்டைலுக்கும் தனி எஃபிஷியன்சி குடுக்கலாம்.

அடுத்தது ஸ்டைல் மாத்தற அன்னைக்கு யாரும் ஃபுல் புரொடக்ஷன் குடுக்க மாட்டாங்க. மெஷின் எடம் மாத்தணும், ஃபோல்டர் (துணிய மடிச்சுக் குடுக்கற அட்டாச்மென்ட்) மாத்தணும், டெய்லருக்கு கை பழகணும். 50% ஓட வேண்டிய லைன் மொத நாள் 25, ரெண்டாம் நாள் 40, மூணாம் நாள் தான் 50-க்கு வருதுனு வைங்க. மொத நாள்ல அரை நாள் போச்சு, ரெண்டாம் நாள்ல அஞ்சுல ஒரு பங்கு போச்சு, மொத்தம் 0.7 நாள், 14,400-ல 10,080 நிமிஷம். இத அந்த ஆர்டரோட லோடுல முன்னாடி சேத்துருங்க, பீஸ் கணக்கு மட்டும் அந்த 10,080 தாண்டின பிறகு ஆரம்பிக்கட்டும். சாம் 12-ல மொத நாள் 180, ரெண்டாம் நாள் 600-னு காட்டும். நெஜத்துல 300, 480. நாளுக்கு நாள் இடிச்சாலும் ரெண்டு நாள் சேந்து 780 சரியா வரும், முடிவுத் தேதி பொய் சொல்லாது. சிறு சிறு ஆர்டரா நெறைய ஸ்டைல் வர்ற கம்பெனில இத போடாம விட்டா மாசக் கடைசில பிளான் ஒரு பக்கம் லைன் ஒரு பக்கம் நிக்கும்.

தீபாவளிக்கு போனஸ் வாங்கிட்டு ஊருக்கு போறவங்க லீவு முடிஞ்ச மறுநாளே எல்லாரும் வந்துர மாட்டாங்க, ஒடிசா பீகார் பசங்களுக்கு ஹோலி, சத் பூஜைனு தனி கணக்கு. கேலண்டர்ல லீவு நாள மட்டும் பூஜ்யம் ஆக்கிட்டு அடுத்த நாள்ல இருந்து முப்பது பேர்னு போட்டீங்கன்னா அது பிளான் இல்ல, ஆசை. திரும்பி வர்ற வாரத்துக்கு ஆள் எண்ணிக்கைய படிப்படியா ஏத்துங்க. திங்கக்கிழமையும் அப்படித்தான், சனிக்கிழமை சம்பளம் வாங்கினவங்க கதை உங்களுக்கு தெரியாததா.


திருப்பூர்_பிளானர்:

ஐயா திங்கக்கிழமை கதைய நீங்க சொல்லித்தான் தெரியணுமாங்க 😂 எஃபிஷியன்சிய ஆர்டர் பக்கம் மாத்திட்டேன், ஷெட்யூல் டேபிள் வந்துருச்சு, லைன் 3-ல நோட்டுல போட்டதும் இதுவும் ஒத்துப் போகுது. இப்ப மேட்ரிக்ஸ்ல போட்டா தேதிக்கு பதிலா வருஷம், குவார்ட்டர்னு காட்டுது, லைன் 1-க்கு அப்புறம் லைன் 10, 11, 12 வந்துட்டு தான் லைன் 2 வருது. லேட் ஆகற ஆர்டர் சிவப்பா தெரியணும். அப்புறம் காலைல எம்டி பாத்தா நேத்து தேதில இருந்து காட்டுதுனு சொல்றார், என் மெஷின்ல இன்னைக்கு தேதி தான் வருது.


கட்டம்போடுறவன்:

வருஷம் குவார்ட்டர் வர்றது ஆட்டோ டேட் டைம்னால, ஆப்ஷன்ஸ்ல போய் அத ஆஃப் பண்ணிருங்க, இல்ல அந்த ஃபீல்ட கிளிக் பண்ணி ஹையராக்கிக்கு பதிலா வெறும் தேதிய எடுங்க. லைன் பேர் எழுத்து வரிசைல வருது, லைன் நம்பர்னு ஒரு எண் காலம் வச்சு சார்ட் பை காலம் குடுங்க. மேட்ரிக்ஸ் லேஅவுட்ட டேபுலர்னு மாத்துனா (பழைய வெர்ஷன்ல ரோ ஹெடர்ஸ்ல ஸ்டெப்ட் லேஅவுட்ட ஆஃப் பண்ணா) லைன், ஆர்டர், ஸ்டைல் எல்லாம் பக்கம் பக்கமா நிக்கும், பழைய எக்செல் மாதிரியே. சப்டோட்டலும் எடுத்துருங்க. ஞாயித்துக்கிழமை காலமே காணாமப் போயிடும், அது வேணும்னா தனி தேதி டேபிள்ல இருந்து காலம் எடுத்து ஷோ ஐட்டம்ஸ் வித் நோ டேட்டா போடுங்க, தளத்துல பாக்கறவங்களுக்கு ஞாயிறு காலியா தெரிஞ்சாத்தான் வாரம் புரியும்.

சிவப்புக்கு ஒரு மெஷர் (ரிப்போர்ட் பாக்கறப்பவே கணக்கு போடற ஃபார்முலா) எழுதுங்க, அந்த ஆர்டரோட கடைசி தையல் தேதியோட செக்கிங், அயர்னிங், பேக்கிங்குக்கு நீங்க விடற நாள கூட்டி, அது எக்ஸ் ஃபேக்டரிய தாண்டுனா சிவப்பு கலரோட கோட திருப்பி குடுக்கட்டும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங்ல பேக்ரவுண்ட் கலர், ஃபீல்ட் வேல்யூ. தையல் முடியற தேதிய மட்டும் எக்ஸ் ஃபேக்டரியோட ஒப்பிட்டா எல்லாம் பச்சையா சிரிக்கும், கடைசில தூத்துக்குடில கப்பல விட்டுட்டு ஏர்ல அனுப்பி செலவு நம்ம தலைல விழும்.

நேத்து தேதி விஷயம்: உங்க மெஷின்ல டுடே ஃபங்ஷன் இந்திய நேரத்த எடுக்கும், சர்வீஸ்ல (பவர் பிஐ ஆன்லைன்ல) ஏத்துனா யுடிசி, அதாவது நம்மள விட அஞ்சரை மணி நேரம் பின்னாடி இருக்கற உலகப் பொது நேரம். நம்ம காலை 5:30 மணி வரைக்கும் அங்க நேத்து தான். ராத்திரி 2 மணிக்கு ரெஃப்ரெஷ் வச்சிருப்பீங்க, கால்குலேட்டட் காலம் எல்லாம் ரெஃப்ரெஷ் ஆகற நேரத்துல தான் கணக்கு போடும், அடுத்த ரெஃப்ரெஷ் வரைக்கும் அப்படியே நிக்கும். யுடிசிநவ் எடுத்து அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கங்க. எஃபிஷியன்சி ஏறினா என்ன ஆகும்னு ஸ்லைசர் வச்சு பாக்கலாம்னு எம்டி கேட்டாலும் இதே காரணத்தால நடக்காது, காலம் ஸ்லைசருக்கு அசையாது, அதுக்கு மொத்தத்தையும் மெஷரா எழுதணும், இப்போதைக்கு வேண்டாம்.

இன்னொண்ணு யாரும் கேக்கல, நானே சொல்லிடறேன். நீங்க பேலன்ஸ் பீஸ் வச்சு இன்னைக்கு தேதில இருந்து தினமும் பிளான புதுசா போடறீங்க. அப்போ நேத்து பிளான் என்ன சொல்லிச்சுனு இன்னைக்கு யாருக்கும் தெரியாது, ரெஃப்ரெஷ் ஆனதும் பழசு அழிஞ்சுது. எந்த லைன் எப்பவும் பிளானுக்கு பின்னாடியே ஓடுதுங்கற கேள்விக்கு பதில் வேணும்னா வாராவாரம் ஷெட்யூல் டேபிள ஒரு தேதி போட்டு எக்செல்லாவோ டேட்டாபேஸ்லயோ எடுத்து வைங்க. இல்லனா பிளான் எப்பவுமே கரெக்டா இருக்கற மாதிரி தான் தெரியும், ஏன்னா தினமும் அதுவே தன்னை திருத்திக்குதே.


எக்செல்தாசன்:

கடைசி பாயின்ட்டுக்கு ஒரு சல்யூட். எங்க ஆபீஸ் டேஷ்போர்டு எல்லாமே பச்சையா இருக்கறதுக்கு காரணம் இப்ப தான் புரியுது.


திருப்பூர்_பிளானர்:

எல்லாம் சரியா வந்துருச்சுங்க, ரொம்ப நன்றி. இன்னைக்கு ஒரு ஆர்டரோட துணி தேதிய மாத்துனேன், பின்னாடி இருந்த நாலு ஆர்டரும் தானா நகர்ந்துச்சு, அதுல ஒண்ணு சிவப்பாச்சு, உடனே வேற லைனுக்கு மாத்தி எழுதுனேன், பச்சை. லைன் இன்சார்ஜ் எல்லாருக்கும் இத போன்ல காட்டணும்னா எல்லாருக்கும் லைசன்ஸ் வாங்கணுமா? பப்ளிஷ் டு வெப்னு ஒரு ஆப்ஷன் பாத்தேன், ஃப்ரீயாம், அது போதுமா?


கட்டம்போடுறவன்:

ஐயோ அத தொடாதீங்க. பப்ளிஷ் டு வெப்னா லிங்க் கெடைச்ச யாரும் பாஸ்வேர்டு இல்லாம பாக்கலாம், பையர் பேரு, குவான்டிட்டி எல்லாம் வெளில போயிரும். முறைப்படி பாக்கறவங்களுக்கும் ப்ரோ லைசன்ஸ் வேணும், 2025 ஏப்ரல்ல இருந்து ஆளுக்கு மாசம் 14 டாலர், முன்னாடி 10 இருந்துச்சு. கம்பெனி பெரிய கெப்பாசிட்டி (கம்பெனிக்குனு ஒதுக்கற சர்வர் வசதி) வாங்கி வச்சிருந்தா பாக்கறவங்களுக்கு வேண்டாம், ஆனா 12 லைன் யூனிட்டுக்கு அது கட்டுப்படி ஆகாது.

எம்டி, நீங்க, புரொடக்ஷன் மேனேஜர், மெர்ச்சண்டைசிங் ஹெட், இவங்களுக்கு மட்டும் வாங்குங்க. லைன் வாரியா ஒரு பக்கம் போட்டு, அடுத்த ஏழு நாள் மட்டும் தெரியற மாதிரி ஃபில்டர் வச்சு, காலைல பிடிஎஃப் எடுத்து லைன் இன்சார்ஜ் வாட்ஸப் குரூப்ல போட்டுருங்க. ஆர்டர் எக்செல்ல ஒன்டிரைவ்ல இல்ல ஷேர்பாயின்ட்ல வைங்க, ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே வச்சா கேட்வே (அந்த கம்ப்யூட்டர பவர் பிஐ சர்வீஸோட இணைக்கற சாஃப்ட்வேர்) போடணும், அந்த மெஷின யாராச்சும் ஆஃப் பண்ணிட்டு போனா ரெஃப்ரெஷ் ஆகாது. ப்ரோல ஒரு நாளைக்கு 8 ரெஃப்ரெஷ் வரைக்கும் ஷெட்யூல் பண்ணலாம், காலைல 8 மணிக்கு ஒண்ணு, மதியம் துணி வரவு என்ட்ரி முடிஞ்சதும் ஒண்ணு வைங்க, தாராளமா போதும்.